கர்ப்பப்பை எடுத்ததற்கான காரணத்தைச் சீட்டில் எழுதுங்கள்

மாதவிலக்கு நின்று பல வருடங்கள் கழித்து ரத்தக்கசிவு தென்பட்டால், 'உடம்பு சூடு' என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பெண்கள் நம்மிடையே ஏராளம். கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்தவர் என்றால் அலட்சியம் இன்னும் கூடும். எடுத்தாயிற்று, இனி அங்கே என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் அந்த அறுவையில் போவது கர்ப்பப்பையும் பெரும்பாலும் அதன் வாயும்தான். யோனிக் குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதிலும் புற்றுநோய் வரும். பெண் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களைத் தாக்குகிறது. நான்கில் மூன்று பங்குக்குக் காரணம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே எச்பிவி வைரஸ்.

இவ்வளவு அரிதான நோயைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்த வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். நார்த்திசுக் கட்டிக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து எடுத்தவருக்கு, முன்பு அந்த வாயில் கோளாறு இருந்ததில்லை என்றால், வழக்கமான பேப் ஸ்மியர் பரிசோதனை தேவையே இல்லை. மாதவிலக்கு நின்றபின் வரும் கசிவும் பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை, யோனிச் சுவர் மெலிந்து வறண்டாலும் வரும். என்றாலும், கசிவு வந்தவர் யாரானாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்து எடுத்தவர் கதை வேறு. அவர் 20, 25 ஆண்டுகளுக்குப் பரிசோதனையைத் தொடர வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். இந்த இருவரில் தான் யார் என்று ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும்? 'கட்டி இருந்தது, எடுத்துட்டாங்க' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாதவர்கள்தான் அதிகம். அது அவர்கள் குற்றமல்ல. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது, திசுப் பரிசோதனை முடிவோ பல நாள் கழித்து வருகிறது. ஏன் எடுத்தோம், வாயையும் எடுத்தோமா, இனி பரிசோதனை வேண்டுமா என்ற மூன்று விவரத்தையும் தமிழில் எழுதிக் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எச்பிவி தடுப்பூசி வந்துவிட்டதே என்பார்கள். 14 வயதுச் சிறுமிகளுக்கு அதை இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது நல்ல காரியம்தான். ஆனால் அதன் முழுப் பலன் அந்தச் சிறுமிகளுக்கு. ஐம்பதைத் தாண்டிய அவர்களின் பாட்டிகளுக்கு அல்ல. அவர்களுக்குப் பரிசோதனைதான் வழி, ஆனால் அதற்கு வருபவர்களே இங்கு குறைவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கூச்சத்தை மீறி வருபவரிடமும் ஒன்று தவறிப்போகலாம். யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியின் இரண்டு தகடுகளும் யோனியின் முன், பின் சுவர்களை மறைத்துக்கொள்கின்றன. வெளியே எடுக்கும்போது அதைத் திருப்பி மெதுவாகப் பார்த்தால்தான் அங்குள்ள சிறு புண் கண்ணில் படும். கர்ப்பப்பை எடுத்த காரணம் சீட்டில் இருந்தால் டாக்டரும் அப்படித் தேடிப் பார்ப்பார். கூடுதல் வேலை என்று மருத்துவமனைகள் முணுமுணுக்கக்கூடும். ஆனால் காப்பீட்டில் நடந்த அறுவை என்றால், காரணத்தை எழுதாமல் பணம் வந்திருக்காது. அங்கே எழுதியதைத் தமிழில் சீட்டிலும் எழுதினால் போதும்.