இனி எதற்கம்மா அது?

“இரண்டு பிள்ளை பெற்றாயிற்று. குடும்பக் கட்டுப்பாடும் செய்தாயிற்று. இனி எதற்கம்மா அது? எடுத்துவிட்டால் தொல்லை விட்டது!”

காசிமேட்டிலே மீன்கூடை சுமக்கும் தாயிடம் இதைச் சொல்கிறார்கள். திருவொற்றியூரிலே ஆலைக்குச் செல்லும் தங்கையிடம் சொல்கிறார்கள். எண்ணூர்க் குப்பத்திலே வலை விற்ற காசை எண்ணிக் கடனடைக்கும் அக்காளிடமும் சொல்கிறார்கள். சொல்பவர் சில வேளை மாமியார். சில வேளை பக்கத்து வீட்டுக்காரி. சில வேளை வெள்ளைக் கோட்டு அணிந்து எதிரே அமர்ந்திருப்பவர். ‘அது’ என்று பெயர் சொல்லக் கூசுகிறார்களே, எது அது? கருப்பை!

இதே கருப்பையைப் பற்றி மேடையேறிப் பேசச் சொல்லிப் பாருங்கள். தாய்மையின் திருக்கோயில் என்பார்கள். உலகைச் சுமந்த உறுப்பு என்று உருகுவார்கள். பிள்ளை பெறும்வரை கோயில். பெற்று முடித்த மறுநாளே ஓட்டைச் சட்டி! கோயில் என்று கும்பிட்ட நாளிலும் சட்டி என்று வீச முற்படும் நாளிலும், அதை உடம்பிலே வைத்திருப்பவளின் கருத்தை எவர் கேட்டார்?

இந்த ஏளனம் நேற்றுப் பிறந்ததன்று. நம் நாட்டுக்கே உரியதுமன்று. கருப்பை உடம்புக்குள் அலைந்து திரிந்து பெண்ணைப் பித்தாக்குகிறது என்று பண்டைக் கிரேக்க மருத்துவ ஏடுகள் எழுதிவைத்தன. பேரறிஞன் பிளாட்டோவே ‘திமேயஸ்’ எனும் நூலில் அதனைப் பிள்ளை வேட்கை கொண்ட ஒரு விலங்காக வருணித்தான். கிரேக்க மொழியிலே கருப்பைக்கு ‘ஹிஸ்டெரா’ என்று பெயர். ‘ஹிஸ்டீரியா’ என்று இன்றும் பெண்களை ஏசுகிறார்களே, அந்தச் சொல் அங்கே பிறந்ததுதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் அந்தப் பழம்பெயரை ஒதுக்கி வேறு பெயர்கள் வைத்தது 1980-இல்! இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக ஒரு மூடநம்பிக்கை மருத்துவச் சட்டை அணிந்து உலவியது. ஆகவே மருத்துவர் சொன்னார் என்பதற்காகவே கேள்வி கேட்காமல் தலையாட்டுவதும் பகுத்தறிவாகாது.

அப்படியானால் நாம் அறுவை மருத்துவத்துக்குப் பகைவர்களா? மந்திரிக்கப் போகச் சொல்கிறோமா, வேப்பிலை அடிக்கச் சொல்கிறோமா? இல்லை! 1843-இல் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் கிளே என்பவர் வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்தபோது மயக்க மருந்து என்பதே மருத்துவ உலகின் வழக்கத்துக்கு வரவில்லை. அந்தப் பெண் பிழைக்கவில்லை. அங்கிருந்து இன்று சிறு துளை வழியே கருவி செலுத்திச் செய்யுமளவு வளர்ந்திருக்கிறது. அறிவியல் தந்த கொடை அது. கொடையைக் கொள்ளைக்குப் பயன்படுத்துவதைத்தான் எதிர்க்கிறோம்.

எப்போது அது தேவை? கருப்பையிலோ சினைப்பையிலோ புற்றுநோய் என்று சோதனை உறுதிசெய்தால், தயங்கலாகாது. கருப்பையின் வாயில் புற்று தொடக்க நிலையில் இருந்தால் அறுவை, முற்றியிருந்தால் கதிர்வீச்சு. பிள்ளைப்பேற்றுக்குப் பின் இரத்தம் மருந்துக்கும் மற்ற முயற்சிகளுக்கும் அடங்காமல் கொட்டினாலோ, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவருக்குள்ளேயே வேரோடிப் போயிருந்தாலோ, அங்கே நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கும். அந்நேரத்தில், “பெண்மை போய்விடுமே, அடுத்த பிள்ளை பிறக்காதே” என்று கணவன் வீட்டார் கையெழுத்துக்கு இழுத்தடிப்பது கொலைக்குச் சமம். எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கவிடாமல் தடுப்பதும் அந்தப் பழைய மடமைதான், முகம்தான் வேறு.

இன்னொன்றையும் தாய்மார்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும், ‘வயசான காலத்திலே இதை யாரிடம் சொல்வது’ என்று மறைக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இனி, பெரும்பாலோர் கத்தியின் கீழ் படுப்பது எதற்காக என்று பார்ப்போம். நம் முன்னோர் ‘பெரும்பாடு’ என்று பெயரிட்ட மிகுந்த இரத்தப்போக்கு, நார்க்கட்டி, அடியிறக்கம், வெள்ளை படுதல். இவற்றில் வெள்ளை படுதலுக்குக் கருப்பையை எடுப்பது சளி பிடித்ததற்கு மூக்கை அறுப்பது போன்றது. பெரும்பாலும் கிருமித் தொற்று, மருந்து உண்டு, கணவனுக்கும் சேர்த்துத் தரவேண்டியிருந்தால் தரவேண்டும். நார்க்கட்டியோ, நடுவயதை எட்டிய மிகப் பல பெண்களுக்கு இருக்கிறது. தொல்லை தராத கட்டியைத் தொடவே வேண்டியதில்லை, மாதவிடாய் நின்றபின் தானே சுருங்கும். “விட்டுவைத்தால் புற்றாகிவிடும்” என்று மிரட்டுகிறார்களே, நார்க்கட்டி புற்றாவது மிக மிக அரிது. ஸ்கேன் தாளில் ‘கட்டி’ என்ற ஒரு சொல்லைக் கண்டதும் தாலிச்சரட்டை அடகுக்கடைக்குக் கொண்டோடும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பொறுப்பதில்லை.

பெரும்பாடு விளையாட்டன்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஏழாகக் குறைந்து, படியேற மூச்சு வாங்கும் பெண்ணிடம் “பொறுத்துக்கொள்” என்று நாம் உபதேசம் செய்யவில்லை. ஆனால் அதற்கும் படிகள் உண்டு. தைராய்டு கோளாறா என்று பார்க்கவேண்டும். நாற்பதைக் கடந்தவராயின் உட்சுவரிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கவேண்டியிருக்கும். இரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. கருப்பைக்குள்ளேயே பொருத்தி ஆண்டுக்கணக்கில் மருந்தைக் கசியவிடும் சிறு சாதனம் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காப்பதும் உண்டு. அடியிறக்கத்துக்குத் தாங்கு வளையம் உண்டு, தசைக்குப் பயிற்சி உண்டு. இவையெல்லாம் பயன்படாதபோது, அல்லது கட்டி பெருத்துச் சிறுநீரை அடைக்கும்போது, இறக்கம் முற்றி வெளித்தள்ளும்போது, அறுவை முறையானதே. இத்தனை படிகளையும் தாண்டி ஒரே தாவில் மேல்மாடிக்குப் போகிறார்களே, ஏன் என்பதுதான் நம் வினா.

போய் என்ன ஆகிறது? கருப்பையோடு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண் ஒரே நாளில் ஐம்பது வயதின் உடம்புக்குள் தள்ளப்படுகிறாள். உடல் தகிக்கும், உறக்கம் கெடும், எலும்பு தேயும், நெஞ்சுநோய்க்கு வழி திறக்கும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும், மாதவிடாய்க்குப் பிந்திய நிலை சில ஆண்டு முந்தி வரக்கூடும். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று தாளில் எழுதித் தருகிறார்கள். கூடை தூக்கினால்தான் உலை கொதிக்கும் வீட்டில் அந்தத் தாளை எங்கே ஒட்டிவைப்பது?

“பெண்களே கேட்கிறார்களே, ‘எடுத்துவிடுங்கள் டாக்டர்’ என்று!” எனச் சிலர் வாதிடக் கூடும். உண்மைதான், கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள்? விடியுமுன் துறைமுகத்தில் ஏலம். பிறகு பகல் முழுதும் வெயிலில் கூடையோடு நடை. ஒதுங்க ஓர் இடமில்லை, கழுவ நீரில்லை, ஒருநாள் படுத்தால் கூலியில்லை. வீடு திரும்பினாலோ ‘விலக்கு’, ‘தூரம்’, ‘தீட்டு’! அடுப்பைத் தொடாதே, பூசைப் பலகையைத் தொடாதே, வெள்ளிக்கிழமை கோயில் பக்கம் தலைவைக்காதே! கோயிலிலே சிலை இருக்கும் இடத்துக்குக் ‘கருவறை’ என்று பெயர். உண்மையான கருவறையைச் சுமப்பவளுக்கு அதன் வாயிலில் தடை! அம்மன் என்று அங்கே நிற்பதும் ஒரு பெண்ணுருதானே என்று நாம் கேட்டால், வாயில் அடிப்பார்கள். மாதம் தவறாமல் இந்த இழிவும் இந்த இழப்பும் படுபவள், “இது போனால் நிம்மதி” என்று எண்ணுவதிலே வியப்பென்ன? அவளை அறியாதவள் என்று நாம் சொல்லமாட்டோம். தன் வாழ்க்கைக் கணக்கை அவள் நன்றாகவே போட்டிருக்கிறாள். கழிப்பிடமும் கூலியோடு கூடிய ஓய்வும் தரவேண்டியவர்கள் தராததற்கு, அவள் தன் உறுப்பைக் கொடுத்துச் சரிக்கட்டுகிறாள்.

மராட்டியத்துப் பீட் மாவட்டத்தில் இந்தக் கணக்கு எங்கே போய் நின்றது தெரியுமா? அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள், என்று எண்ணுகிறார்கள். மனிதரைக்கூட எண்ணுவதில்லை, அரிவாளை எண்ணுகிறார்கள்! ஒருநாள் வராவிட்டால் ஒப்பந்தக்காரனுக்குத் தண்டம் கட்டவேண்டும். மாதவிடாய்க்கு அரிவாள் ஓயலாமா? 2019-இல் சட்டமேலவைத் துணைத்தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்தபோது, 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தார்கள். ஆறில் ஒருவர்! 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூவர் சொச்சமே இந்த அறுவைக்கு ஆளானவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது நூற்றுக்கு எட்டைத் தாண்டுகிறது. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தனியார் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கல்வி குறைந்தவரிடையே மிகுதி. நோய் படிப்பைப் பார்த்தா வருகிறது?

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக் காட்டுத் தொழிலாளியாக இருந்த ஃபேனி லூ ஹேமர், 1961-இல் ஒரு கட்டியை அகற்றிக்கொள்ளச் சென்றார். அவரைக் கேளாமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். கறுப்பினப் பெண், ஏழை, யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர். அவரே பின்னர் உரிமைப்போரின் தலைவர்களுள் ஒருவரானார். ‘மிசிசிப்பிக் குடல்வால் அறுவை’ என்று அந்தக் கொடுமைக்குப் பெயர் சூட்டி ஊரறியச் செய்தார்.

“குழந்தை பெறாதிருக்கும் உரிமையைப் பேசிய இயக்கம், கருப்பைக்கு ஏன் வாதாடுகிறது?” என்று சில புத்திசாலிகள் மடக்கப் பார்க்கலாம். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே பெரியார் கருத்தடையை ஆதரித்தது, மக்கள்தொகைக் கணக்குக்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காக. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அவள் வாயிலிருந்து வரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். கருத்தடைக்குக் குழாயைக் கட்டினால் போதும். கருப்பையைத் தொட வேண்டியதே இல்லை. இரண்டும் ஒன்றென்று எண்ணும் தாய்மார் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நடந்ததை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் உச்சநீதிமன்றம் சென்றார். ஆண்டுக்குக் குடும்பம் ஒன்றுக்கு 30,000 ரூபாய் வரை தரும் அரசுக் காப்பீட்டு அட்டை 2008-இல் வந்திருந்தது. ஏழையின் நோய் தீர வந்த அட்டை, சிலருக்கு அறுத்தால் காசு தரும் இயந்திரமாயிற்று. 2023 ஏப்ரல் 5-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒன்றிய அரசு 2022-இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும். கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும். அரசு மருத்துவமனையாயினும் தனியாராயினும் செய்த அறுவைகளைக் கணக்குக் காட்டவேண்டும். தேவையின்றியோ, விளங்கவைத்துப் பெற்ற ஒப்புதலின்றியோ செய்தவர்களைக் கரும்பட்டியலில் சேர்க்கவேண்டும் என்றது நீதிமன்றம்.

தோழர்களே, படிப்பகத்தில் செய்தித்தாளோடு இந்தத் தீர்ப்பையும் படியுங்கள். உங்கள் தெருவில் ஒரு தாய்க்கு நாள் குறித்திருப்பதாகக் கேள்விப்பட்டால், அவரிடமோ அவர் மகளிடமோ சில வினாக்களைச் சொல்லி அனுப்புங்கள். என்ன நோய்? எந்தச் சோதனை அதைக் காட்டியது? மருந்து கொடுத்துப் பார்த்தீர்களா? சினைப்பையையும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்? ஆறு மாதம் பொறுத்தால் உயிருக்கு ஆபத்தா? இவற்றைக் கேட்டதும் சினக்கும் மருத்துவரைவிட, அமர்த்தி விளக்கும் மருத்துவரிடம் உடம்பை ஒப்படைக்கலாம்.

இரண்டாவது கருத்துக் கேட்க அயல்நாடு போகவேண்டியதில்லை. ராயபுரத்தில் 1880-இல் தொடங்கிய ராஜா சர் ராமசாமி முதலியார் பிள்ளைப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்து இன்றும் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கவேண்டும், பழைய ஸ்கேன் தாள்களை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு ஆளில்லை என்றால், நம் இளைஞர்களின் தாயோ தமக்கையோ உடன் செல்லட்டும். அன்றைக்கு ஒருநாள் கூடையை நம்மில் ஒருவர் சுமப்போம்.