விமானம் வாங்குவது சுலபம், பறக்க வைப்பதுதான் பாடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கெடா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பட்டர்வொர்த் விமானத் தளம் அங்கிருந்து அதிக தூரமில்லை. காதைப் பிளக்கும் சத்தத்துடன் ஒரு போர் விமானம் தலைக்கு மேலே போயிற்று. முப்பது வருடம் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் தம்பி, நாம வெட்டுன பழத்து எண்ணெயைக் கொடுத்துத்தான் ரஷ்யாக்காரன்கிட்ட பிளேன் வாங்குனாங்களாமே, நெசமா?”

“நெசந்தான் மாமா. முழு விலையும் இல்ல, அதுல ஒரு பங்கு. ஆனா இப்ப போனது ரஷ்யா பிளேன் இல்ல. அமெரிக்கா செஞ்ச ஹார்னெட் மாதிரி தெரியுது.”

“அப்ப நம்ம எண்ணெய்க்கு வந்த பிளேனெல்லாம் இன்னிக்கு எங்க?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எந்தப் பாட்டாளியும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

எண்ணெய்க்கு வந்த விமானங்கள்

1995-இல் ரஷ்யாவிலிருந்து 18 மிக்-29 விமானங்கள் நம் நாட்டுக்கு வந்தன. பிறகு 2003-இல் 18 சுகோய் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. விலை சுமார் 900 மில்லியன் அமெரிக்க டாலர். அவை 2007 முதல் 2009 வரை வந்து சேர்ந்து, கிளந்தான் பக்கம் கோங் கெடாக் தளத்தில் இறங்கின. இரண்டு தடவையும் விலையின் ஒரு பகுதியைச் செம்பனை எண்ணெயாகக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். கையிருப்பு டாலரைக் கரைக்காமல் நம்மிடம் விளைகிற பொருளையே கொடுப்பது நல்ல யோசனைதான். அந்தச் சுகோய் வியாபாரத்தோடு சேர்ந்து கிடைத்த சலுகையில்தான் 2007-இல் டாக்டர் ஷேக் முஸாபார் ரஷ்ய ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போய் வந்தார். அன்று நாமும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கைதட்டினோம்.

பதினோரு வருடம் கழித்து வேறு செய்தி வந்தது. 2018-இல் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கைச் சொன்னார். 18 சுகோய்களில் பறக்கக் கூடியவை நான்குதான், மற்ற 14-ம் பழுதுபார்ப்பில் கிடக்கின்றன, மிக் விமானங்கள் பறப்பதே இல்லை என்றார். பராமரிப்புக் குத்தகை எடுத்தவர்கள் சரியாகச் செய்யவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பெரியவரின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. விமானங்கள் எங்கும் போகவில்லை, கொட்டகைக்குள் நின்றன. ஏன் நின்றன என்பதுதான் மீதிப் பதில்.

வாங்கும் விலையும் வளர்க்கும் செலவும்

தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. டிராக்டர் வாங்குகிற அன்று மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகு எண்ணெய், டயர், கியர், மெக்கானிக் சம்பளம் என்று வருடா வருடம் ஆகும் செலவை யாரும் படம் எடுப்பதில்லை.

போர் விமானத்தில் இந்தச் செலவு இன்னும் மோசம். முப்பது வருடம் வைத்திருந்தால், வாங்கிய விலையைவிட ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவே பெரும்பாலும் அதிகமாகிவிடும். ஒரு மணி நேரம் பறந்து வந்தால் தரையில் பல மணி நேர வேலை காத்திருக்கும். இத்தனை மணி நேரம் ஓடியதும் என்ஜினைக் கழற்றிப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்று கெடு உண்டு. ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைக்குள் வெடிமருந்துக் குப்பி இருக்கிறது. மருந்துக் கடை மாத்திரை போல அதற்கும் காலாவதித் தேதி உண்டு. விமானியும் அடிக்கடி பறக்க வேண்டும். பறக்காவிட்டால் கை மறந்து போகும்.

அதனால்தான் விமானப் படைகளில் ஒரு பொதுக் கணக்கு சொல்வார்கள். மூன்று விமானம் இருந்தால் ஒன்று பழுதுபார்ப்பில் நிற்கும், ஒன்று பயிற்சிக்குப் போகும், மூன்றாவதுதான் அவசரத்துக்குக் கிளம்பத் தயாராக இருக்கும். ஆக, ‘18 வாங்கினோம்’ என்று செய்தி வந்தால் ‘நாளைக் காலை எத்தனை பறக்கும்?’ என்று நாம் கேட்க வேண்டும்.

ஒரே கொட்டகையில் நாலு சாதி வண்டி

நம் விமானப் படையின் பெரிய சிரமம் வேறொன்று. 1994, 1995-இல் பிரிட்டனிலிருந்து 28 ஹாக் விமானங்கள் வந்தன. 1995-இல் ரஷ்ய மிக் வந்தது. 1997-இல் அமெரிக்காவின் ஹார்னெட் எட்டு வந்தன. 2007-இல் சுகோய் வரத் தொடங்கிற்று. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் மூன்று நாடுகளின் நாலு வகைப் போர் விமானங்கள்.

ஒரு நாட்டோடு மனஸ்தாபம் வந்தாலும் இன்னொரு நாட்டு விமானம் கைவசம் இருக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. நாலு வகைக்கும் தனித்தனி ஸ்டோர், தனித்தனி கருவி, தனித்தனி பயிற்சி வேண்டும். மிக் மெக்கானிக்கை ஹார்னெட்டில் கை வைக்கச் சொல்ல முடியாது. சுகோயில் ரஷ்யப் பாகங்களோடு பிரான்சு, தென்னாப்பிரிக்கா நாடுகளின் கருவிகளும் உண்டு. ஒரு சாமான் வராவிட்டால் விமானம் நிற்கும். 2022-இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த பிறகு, உலக நாடுகள் போட்ட தடைகளால் ரஷ்யச் சாமான்களுக்குப் பணம் அனுப்புவதும் வரவழைப்பதும் இன்னும் கடினமாகிவிட்டது.

எட்டே எட்டு ஹார்னெட் மட்டும் எப்படி இத்தனை வருடம் தாக்குப் பிடித்தது? அமெரிக்கக் கடற்படையும் ஆஸ்திரேலியாவும் அதே விமானத்தை நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தன. ஊர் முழுக்க ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு எந்தப் பட்டணத்திலும் சாமான் கிடைப்பது போல, ஹார்னெட்டுக்கும் கிடைத்தது. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் போர் அணிகள் அந்தப் பழைய ஹார்னெட்டை விட்டுவிட்டன, 2021-இல் ஆஸ்திரேலியாவும் விட்டுவிட்டது. இனி அந்தக் கடையும் சுருங்கும். குவைத்திடம் இருக்கும் பழைய ஹார்னெட்களை வாங்கலாமா என்று நம் நாட்டில் பல வருடம் பேச்சு நடந்ததற்கு இதுவே காரணம். நம் எட்டில் ஒன்று 2025 ஆகஸ்டில் குவாந்தானில் புறப்படும்போதே விபத்துக்குள்ளாயிற்று. விமானிகள் இருவரும் உயிர் தப்பினார்கள்.

பழைய வண்டி வாங்கிய கதை

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழசு வாங்கினாலும் கணக்கு தப்பலாம். 1980-களில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைத்திருந்த ஸ்கைஹாக் விமானங்கள் 88-ஐ மலேசியா வாங்கியது. புதுப்பிக்க ஆகும் செலவு கைமீறிப் போனதால் 40-ஐ மட்டுமே சரிசெய்து கொண்டுவந்தார்கள். அந்த 40-ம் பத்து வருடம்தான் ஓடின. பிறகு ஹாக் வந்தது.

பக்கத்துச் சிங்கப்பூரும் இதே ஸ்கைஹாக்கைத்தான் 1970-களில் பழசாக வாங்கியது. ஆனால் அங்கே 1980-களில் புது என்ஜின் போட்டார்கள், உள்நாட்டிலேயே பிரித்துப் பூட்டும் தொழிலாளர்களைத் தயார் செய்தார்கள். அதனால் 2000-களிலும் அவை ஓடின. சிங்கப்பூர் தற்காப்புக்கு நம்மைவிட அதிகம் செலவழிக்கும் நாடு என்பது உண்மை. என்றாலும் ஒரே வகையை வாங்கி, அதன் வேலையைத் தன் ஆட்களே கற்றுக்கொள்ளும்படி செய்ததில் பாடம் இருக்கிறது. பின்னாளில் நம் நாட்டிலும் இது நடந்தது. சுகோய்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலையைக் கோங் கெடாக்கில் உள்ளூர்த் தொழில்நுட்பர்களே செய்தார்கள்.

வாங்கிய சாமானைக் காவல் காப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். நம் விமானப் படையின் பழைய எஃப்-5 விமானங்களுக்கான இரண்டு என்ஜின்கள் சுங்கை பீசி தளத்திலிருந்து காணாமல் போனது 2009 டிசம்பரில் வெளியே வந்தது. கடைசியில் அவை தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டில் இருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தோட்டத்து ஸ்டோரில் ஒரு மூட்டை உரம் குறைந்தாலும் கிராணி பதில் சொல்ல வேண்டும். இங்கே போனது ஜெட் என்ஜின்.

இப்போது எடுத்த முடிவு

மிக் விமானங்களுக்குப் பதிலாகப் பெரிய வகை விமானம் 18 வாங்கும் திட்டம் பல வருடம் இழுத்து, 2017-இல் தள்ளி வைக்கப்பட்டது. பிரான்சின் ரஃபேல், ஐரோப்பாவின் டைஃபூன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கையில் காசில்லை. பிறகு அரசாங்கம் சின்ன விமானத்தின் பக்கம் திரும்பிற்று. 2023 மே மாதம் லங்காவி கண்காட்சியில், தென் கொரியாவின் எஃப்ஏ-50 விமானம் 18 வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை 920 மில்லியன் அமெரிக்க டாலர். 2026-இல் தொடங்கி விமானங்கள் வந்து சேர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

இந்த முடிவில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. ஒற்றை என்ஜின் என்பதால் ஓட்டும் செலவு குறைவு. அந்த என்ஜின் ஹார்னெட் என்ஜினின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆகவே நம் மெக்கானிக்குகளுக்கு முழுக்க அந்நியமல்ல. இளம் விமானிகளைப் பழக்கவும், எல்லைக் காவலுக்கும் ஒரே விமானம் போதும். பிலிப்பைன்ஸ் இதையே வாங்கியிருக்கிறது. அந்த நாடு 2005-இல் தன் கடைசிப் போர் ஜெட்களை நிறுத்திவிட்டு, பத்து வருடம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. 2015-இல் இந்தக் கொரிய விமானத்தோடுதான் மீண்டும் தொடங்கியது. குறை என்னவென்றால், பெரிய விமானத்தைப் போல வெகுதூரம் போகவோ அதிகச் சுமை தூக்கவோ இதனால் முடியாது. ஹார்னெட்டுக்கும் சுகோய்க்கும் வயதாகும்போது அந்தப் பெரிய செலவு மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

‘இதெல்லாம் எதற்கு, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் 2013-இல் சபாவின் லாஹாட் டத்துவில் ஆயுதம் தாங்கிய கூட்டம் நுழைந்ததை மறக்கக்கூடாது. அது செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி. நம்மைப் போன்ற குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். மார்ச் 5-ஆம் தேதி ஹார்னெட்டும் ஹாக்கும் போய்த்தான் குண்டு போட்டன. 2021 மே 31-இல் சீனாவின் 16 இராணுவ விமானங்கள் சரவாக் கரைக்கு அருகே வந்தபோது, லாபுவானிலிருந்து ஹாக் கிளம்பிப் போய்ப் பார்த்தது. கடல் நடுவே பிரிந்து கிடக்கும் நாட்டுக்கு வானத்தில் காவல் வேண்டும். காவல்காரன் கொட்டகையில் படுத்திருந்தால் அவனுக்குக் கொடுத்த சம்பளமும் வீண், காவலும் இல்லை.

அடுத்த வாரம் பெரியவரைப் பார்த்தால் இப்படித்தான் சொல்லப் போகிறேன்: “மாமா, நம்ம எண்ணெய்க்கு வந்த மிக் ஓய்வுக்குப் போயிடுச்சு. சுகோய் இன்னும் இருக்கு, ஆனா அதுக்கு மருத்துவச் செலவு ஜாஸ்தி.” அவர் கட்டாயம் இன்னொரு கேள்வி கேட்பார், அவர் வழக்கம் அது. ‘இந்தக் கொரியா பிளேனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் காசும் சேத்து எடுத்து வெச்சிருக்காங்களா?’ என்பார். நாடாளுமன்றத்தில் நம் ஓட்டை வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். தொகுதிக்கு வரும்போது, இந்தக் கேள்வியை அவர்களிடமே கேட்டு வைப்போம்.