பெட்டி பெரிசா... பயணம் பெரிசா?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் கருத்து)



மூன்று வருஷம் வகுப்பிலும் ஒர்க்‌ஷாப்பிலும் கிடந்து, கடைசி செமஸ்டர் நெருங்கும்போது எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான். "மாப்ள, பைக்கை எடுத்துக்கிட்டு ஒரு ட்ரிப் அடிக்கணும்டா!" கொல்லிமலை என்கிறான் ஒருத்தன். தனுஷ்கோடி என்கிறான் இன்னொருத்தன். டென்ட் போட்டு நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டு தூங்க வேண்டும் என்கிறான் மூன்றாமவன். நல்ல ஆசைதான். ஊர் சுற்றாத இளமை என்ன இளமை?

ஆனால் அந்தப் பேச்சு ஐந்தாவது நிமிஷத்தில் எங்கே போய் நிற்கிறது தெரியுமா? பெட்டியில்! "ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னாடி ஒரு டாப் பாக்ஸ், அதுக்கு ஸ்டாண்டு..." என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு பழைய ஸ்பிளெண்டரின் விலையை எட்டிப் பிடிக்கிறது. காசு உள்ளவன் வாங்குகிறான். இல்லாதவன் மாதத் தவணையில் வாங்குகிறான். அதுவும் முடியாதவன், "நமக்கெல்லாம் இது ஒத்து வராதுடா" என்று பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறான். அந்த மூன்றாமவனை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். பையை முதலில் வாங்காதே, கடைசியில் வாங்கு! வண்டி எவ்வளவு தாங்கும், நீ கொண்டுபோகும் சாமான் எவ்வளவு, அந்த எடை வண்டியில் எங்கே உட்காரப் போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால், நம்மூர்த் தையல்காரர் தைத்துக் கொடுக்கும் பையே போதும்.

முதல் கணக்கு

வண்டி வாங்கும்போது ஒரு கையேடு கொடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைத்திருப்போம். அதை எடுத்துப் பாருங்கள். அந்த வண்டி அதிகபட்சமாக எவ்வளவு சுமக்கலாம் என்று போட்டிருக்கும். பல 100 சி.சி. வண்டிகளுக்கு அது 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்த 130 கிலோவுக்குள்தான் ஓட்டுபவரும், பின்னால் உட்காருபவரும், பையும், பைக்குள் இருப்பதும், பையை மாட்டுகிற இரும்பு ஸ்டாண்டும் எல்லாம் அடக்கம்!

நான் 65 கிலோ, என் நண்பன் 60 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 125. மிச்சம் 5 கிலோ. அலுமினியப் பெட்டியும் ஸ்டாண்டும் மட்டுமே அந்த 5 கிலோவைத் தின்றுவிடும். அப்புறம் டென்ட்டை எங்கே வைப்பது? தலையிலா?

எனவே முடிவு எளிது. டென்ட், போர்வை, அடுப்பு என்று போவதாக இருந்தால் ஒரு வண்டிக்கு ஒருத்தர். ஒரு வண்டியில் இரண்டு பேர்தான் போக முடியும் என்றால் டென்ட்டை மறந்துவிட்டு, இருட்டுவதற்குள் சொந்தக்காரர் வீட்டையோ சத்திரத்தையோ சேருகிற மாதிரி திட்டம் போடுங்கள். அதுவும் பயணம்தான். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

எடை எங்கே உட்காருகிறது?

முதல் வருஷம் நாம் படித்த நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? பரீட்சை முடிந்ததும் அது முடிந்துவிட்டது என்று நினைத்தோம். இல்லை, வண்டியில் அது நம்மோடுதான் வருகிறது.

ஒரு 100 சி.சி. வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே சுமார் 124 செ.மீ. தூரம். பின் சக்கரத்தின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 20 கிலோ மூட்டையைக் கட்டினால், அச்சு ஆதாரப் புள்ளி ஆகிவிடுகிறது. முன் சக்கரத்தின் மேல் இருந்த எடையில் சுமார் 4.8 கிலோ குறைகிறது. பின் சக்கரமோ 20 அல்ல, 24.8 கிலோ சுமக்கிறது. சின்ன எண்தானே என்று தோன்றும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஏற்றத்தில் எடை ஏற்கனவே பின்னால் சாய்ந்திருக்கும்போது, திருப்பத்தில் ஹேண்டில் லேசாகி ஆடினால் தெரியும், அந்த 4.8 கிலோவின் அருமை! போதாததற்கு, பின்பக்கம் அமுங்கியதால் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொண்டு எதிரே வருபவனின் கண்ணைக் குத்தும்.

ஆகவே கனமான சாமான் கீழேயும், இரண்டு சக்கரங்களுக்கு நடுவேயும், உடம்புக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். லேசான சாமான் மேலேயும் பின்னாலேயும் போகலாம்.

எந்தப் பை?

முதுகுப்பை: நம்மிடம் ஏற்கனவே இருப்பது. ஆனால் 100 கி.மீ. தாண்டினால் தோள் கழன்றுவிடும். விழுந்தால் உள்ளே இருக்கும் ஸ்பேனரும் பாத்திரமும் முதுகெலும்பில் குத்தும். துணி மட்டும் வைக்கலாம். இல்லையென்றால் சீட்டின் மேல் படுக்க வைத்துக் கட்டிவிடுவது உத்தமம்.

டேங்க் மேல் வைக்கும் பை: எடைக்கு நல்ல இடம். தண்ணீர், டூல்ஸ், மருந்து, வண்டிப் பேப்பர் எல்லாம் இதில். ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, ஹாரனில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரு பக்கமும் தொங்கும் துணிப்பை: என் ஓட்டு இதற்குத்தான். எடை கீழே நிற்கிறது, விலையும் குறைவு. விழுந்தாலும் காலை நசுக்காது. கவனிக்க வேண்டியது இரண்டு. இடது பக்கம் சேலைக் கார்டு பையைச் சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கும், வலது பக்கம் அப்படி ஒன்று இல்லை. அந்தப் பக்கம்தான் சைலன்ஸரும் இருக்கிறது. ஒரு கம்பியை வளைத்து நட்டுப் போட்டு, பைக்கும் சைலன்ஸருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

டாப் பாக்ஸ்: பூட்டு இருக்கிறது, மழைக்குப் பயமில்லை. ஆனால் எடைக்கு இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். உயரத்தில் இருக்கிறது, அச்சுக்குப் பின்னாலும் இருக்கிறது. எவ்வளவு எடை வைக்கலாம் என்று பெட்டியிலோ அதோடு வரும் தாளிலோ போட்டிருப்பார்கள். படித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். மழைக் கோட்டும் துணியும் வைக்க அது போதும்.

பக்கத்து அலுமினியப் பெட்டி: மாதக்கணக்கில் போகிறவனுக்கும், பெரிய வண்டி வைத்திருப்பவனுக்கும் இதில் லாபம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் அகலம் கூடுகிறது. பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. நெல் ஏற்றிய டிராக்டரை ஒட்டிப் போகும்போதும் அந்த அகலம் நினைவில் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டி ஓட்டும் தோழிகளுக்கு இன்னும் வசதி. கனமானதைக் கால் வைக்கும் இடத்திலும் சீட்டுக்கு அடியிலும் வைத்துவிட்டால் எடை தானாகவே கீழே நின்றுவிடும்.

எங்கள் சீனியர் ஒருவர் வெளியூர்க் கடையில் டாப் பாக்ஸ் வாங்கி, ஸ்டாண்டை ஒரு பட்டறையில் வெல்டு வைத்துக்கொண்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசலுக்கு முன்னால், நான் இன்னொரு வண்டியில் பின்னால் வந்துகொண்டிருக்கிறேன். வெல்டு வைத்த இடத்திலேயே ஸ்டாண்டு முறிந்து, பெட்டி ரோட்டில் உருண்டது. என் பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்து ஒதுங்கினார். அவர் ஒதுங்காவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். முறிந்த இடத்தைப் பார்த்தோம். பாதி தூரத்துக்குப் பழைய விரிசல், அதில் துரு. அதிர்வில் உலோகம் களைத்துப் போவது என்று பாடத்தில் படித்தோமே, அதேதான்! உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு இரும்புச் சட்டி, ஒரு ஸ்பீக்கர்.

நம்மூரே நமக்குப் பாடம்

இந்த வித்தையைக் கற்க எங்கேயும் போக வேண்டாம். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போய் நில்லுங்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் பெட்டி கட்டி வருபவர்களைப் பாருங்கள். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-ம் அதற்குப் பின் வந்த எக்ஸ்.எல்.-ம் இந்த மாவட்டத்தின் பாரம் பாதியைச் சுமக்கின்றன. அவர்கள் ஏற்றும் அளவைப் பார்த்துப் பழக வேண்டாம், வயிற்றுப்பாட்டுக்காக அவர்கள் செய்வது அது. கட்டும் முறையைப் பாருங்கள். கனமான மூட்டை கால் வைக்கும் இடத்தில். பின்னால் இருப்பது பழைய டியூபை நீளமாக வெட்டிய ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டியது. நைலான் கயிறு தளரும். கொக்கி வைத்த ரப்பர் தெறித்தால் கண் போகும். டியூப் நாடா பிடித்தால் பிடித்ததுதான். அதன் முனை தொங்கக் கூடாது, தொங்கினால் செயினுக்குள் போய்விடும். புறப்பட்டுப் பத்து கி.மீ.-ல் ஒரு தடவை நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991-92-ல் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடாகி ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தை, பின் கேரியரில் குடமும் விளைபொருளும். தோதான வண்டி வரட்டும், தோதான கேரியர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு கிளம்பினார்கள், ஊரே மாறியது. நம் அம்மாக்களும் அத்தைகளும் சித்திகளும்தான் அவர்கள்! அந்த மாவட்டத்தில் பிறந்த நாம் பெட்டி இல்லையே என்று உட்காரலாமா?

என் பையைப் பற்றிச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துப் போட்டபோது கூரைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாய், அப்புறம் பரண் மேல் கிடந்தது. அதில் நல்ல பாகமாக வெட்டி, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தேன். சீட்டுக்கு மேலே குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்குகிற மாதிரி ஜோடிப் பை. கூலி 350 ரூபாய். மழைக்கு என்ன செய்வது? உரச் சாக்குக்குள் இருக்கும் பாலிதீன் உறையைக் கழுவிக் காயவைத்து, துணியை அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டிவிடுகிறேன். பை நனைந்தாலும் துணி நனையாது.

சாமானும் தூக்கமும்

சின்ன டென்ட், ஒரு பாய், போர்வை, ஒரு மாற்றுத் துணி, டார்ச், டூல்ஸ், பஞ்சர் சாமான், முதலுதவி, இரண்டு லிட்டர் தண்ணீர். எல்லாம் 10 கிலோவுக்குள் அடங்கும். பையோடு தராசில் ஏறி நில், பை இல்லாமல் ஏறி நில், கழித்துப் பார். பின் டயரில் காற்று எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து ஏற்று. நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் இண்டிகேட்டரும் மறையக் கூடாது.

டென்ட் எங்கே போடுவது? சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே அடுப்பு மூட்டுவது நம் பாட்டன் வீட்டுக்கு நாமே தீ வைப்பது போல. காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். தென்னந்தோப்புக்காரரிடம், "அண்ணே, ஒரு ராத்திரி படுத்துக்கிறோம்" என்று கேட்டால் நம் பக்கம் மாட்டேன் என்பவர் குறைவு.

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக்குப் பகலில் ஏறிப் பாருங்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முன் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் 17, இன்றும் வழவழவென்று இருக்கின்றன. மயிற்பீலியும் கமண்டலமும்தான் அவர்கள் லக்கேஜ்!

1952-ல் 23 வயது மருத்துவ மாணவன் ஒருவன், நண்பன் ஆல்பர்டோ கிரானடோவோடு 1939 மாடல் நார்ட்டன் 500-ல் தென் அமெரிக்காவைச் சுற்றினான். மூட்டைகளோடு போன அந்த வண்டி விழுந்து விழுந்து, கம்பி வைத்துக் கட்டி ஓட்டியும், சிலி நாட்டில் உயிரை விட்டது. பயணம் அதோடு நிற்கவில்லை. லாரியிலும் கப்பலிலும் கால்நடையாகவும் தொடர்ந்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் சே குவேரா. சுரங்கத் தொழிலாளியையும் தொழுநோயாளியையும் பார்த்துத்தான் அவன் மாறினான். வண்டியில் எதைக் கட்டியிருந்தான் என்று இன்று யார் கேட்கிறார்கள்?

எனவே தோழனே, இந்த வருஷம் ரிசல்ட் வந்ததும் கிளம்பு. கையேட்டை எடு, கணக்கைப் போடு, பழைய தார்ப்பாயைத் தேடு. ஹெல்மெட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டிக்கு வைத்திருந்த காசைப் பெட்ரோலுக்குப் போடு. இன்னும் நாலு ஊர் கூடுதலாகப் பார்க்கலாம்!