விளையாட்டு வரமன்று, உரிமை!

மாலை நான்கு மணிக்கு நமது கிராமங்களினூடாக ஒருமுறை நடந்து பாருங்கள். பாடசாலை மைதானத்தில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். ரியூசன் கொட்டிலிலோ கால்வைக்க இடமிராது. விடிய ஒரு வகுப்பு, பகலிற் பாடசாலை, பின்னேரம் இன்னொரு வகுப்பு என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை சைக்கிளில் ஓடித் திரிகின்றது. அந்த ஓட்டம் ஒன்றே அதற்கு வாய்த்த தேகப்பயிற்சி!

பரீட்சைச் சுமையைக் குறைப்போம், முழுமையான மனிதரை உருவாக்குவோம் என்று 2025 இல் அரசாங்கம் கல்விச் சீர்திருத்தம் ஒன்றை அறிவித்தது. நல்ல சொற்கள்! ஆனால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உடற்கல்விக்கு இந்நாட்டிலுள்ள மதிப்பு என்ன? பத்தாம் தரத்தை எட்டியதும், விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்ற பாடங்களுள் அதுவும் ஒன்றாகிவிடுகின்றது. உடல் வளரும் வயதில் உடலைப் பேணும் கல்வி விருப்பத்துக்கு விடப்படுகின்றது.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தில் இலங்கை 1991 இல் இணைந்தது. ஓய்வும் விளையாட்டும் கலை வாழ்வும் பிள்ளையின் உரிமை என்கின்றது அதன் 31 ஆம் உறுப்புரை. உரிமை என்று ஒன்றிருந்தால் அதற்கெதிரே கடமை ஒன்றும், அக்கடமையைச் செய்யவேண்டியவன் ஒருவனும் இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். கடனுறுதியிற் கையொப்பமிட்டவன் பணத்தைத் தராவிட்டால் நீதிமன்றுக்கு இழுக்கின்றோம். பிள்ளைகளுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்த அரசாங்கத்தை எங்கே இழுப்பது?

இவ்வினாவுக்கான விடை தமிழ் மக்களின் அரசியலோடு பிணைந்தது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம், தேசிய பாடசாலைகள் போன்ற சிலவற்றைக் கொழும்பின் கையில் விட்டுவிட்டு, ஏனைய அரசாங்கப் பாடசாலைகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள் தேசிய பாடசாலைகள் நானூறளவிலேதான். எஞ்சிய பெருந்தொகை, அதாவது கமக்காரனின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் படிக்கும் பாடசாலைகள், மாகாணத்தின் பொறுப்பு. வடமாகாண மக்கள் தமது சபையை முதன்முதலாகத் தெரிந்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஆண்டுகள் பல உருண்டும் அடுத்த தேர்தலை நடத்த ஆளவந்தாருக்கு மனம் வரவில்லை. மைதானமில்லை, பயிற்றப்பட்ட ஆசிரியரில்லை என்று முறையிடப் போகும் பெற்றோர் ஆளுநரின் வாசலில் நிற்கின்றனர். ஆளுநரோ அவர்களது வாக்கினால் வந்தவரல்லர்.

திறமையில்லாத இனமா நாம்? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோவில் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை ஈட்டினார். அந்த விழா நடந்த அதே மே மாதத்திலேதான் இத்தீவில் தமிழர் வீடுகள் எரிந்தன! புன்னாலைக்கட்டுவன் மண்ணின் மகள் தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய வலைப்பந்து அணி 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியோ 1990 இல் இடம்பெயர்ந்து 2016 இலேதான் சொந்த வளவுக்கு மீண்டது. கால் நூற்றாண்டாகத் தம் மைதானத்தை மிதியாமலே அதன் மாணவர் வளர்ந்தனர். அவர்களுள் எத்தனை வீரர் முளையிலே கருகினரோ, யாரறிவார்?

அரசாங்கத்தைச் சாடிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. ஆண்டின் முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி. கொடி, அணிநடை, பிரதம விருந்தினர், மாலை, புகைப்படம்! அது முடிந்ததும் மைதானம் மறுவருடம் வரை உறங்குகின்றது. பரிசு பெறும் நாற்பது பேருக்காக நானூறு பேர் வேலியோரம் நின்று கைதட்டுவதை விளையாட்டுக் கல்வி என்று எப்படிச் சொல்வது? கடல்கடந்து வாழும் பழைய மாணவர் நகரத்துப் பெருங்கல்லூரிக்குப் பார்வையாளர் மண்டபம் கட்டிக் கொடுக்கின்றனர். பக்கத்துக் கிராமத்து வித்தியாலயத்தில் ஒரு பந்துக்கு வழியில்லை. பெண்பிள்ளை பெரியவளானதும் மைதானம் அவளுக்கு விலக்கு. பெற்றோரே, வெங்காயத் தறையையும் ஒரு போகம் ஆறவிட்டாற்றான் அடுத்த போகம் விளையும் என்பதை அறிந்த நீங்கள், பிள்ளையை ஒரு மாலைதானும் ஆறவிட மறுப்பதேன்? சுவரை இடித்துவிட்டுச் சித்திரத்தை எதில் எழுதப் போகின்றீர்கள்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, பாடசாலை நேரத்துக்குள்ளேயே எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் பேதமின்றி, நாள்தோறும் விளையாட்டுக்கோ கலைக்கோ ஒரு வேளை ஒதுக்கப்படவேண்டும். பதக்கக் கணக்கைக் கேட்கும் அதிகாரிகள், விளையாடிய பிள்ளைகளின் கணக்கையும் கேட்கவேண்டும். இரண்டாவது, நகரத்தில் இன்னோர் அரங்கு எழுமுன் ஒவ்வொரு கிராமப் பாடசாலைக்கும் ஒரு மைதானமும் ஓர் உடற்கல்வி ஆசிரியரும் கிடைக்கவேண்டும். மூன்றாவது, வெள்ளி மாலையும் ஞாயிறு முழுவதும் ரியூசன் கொட்டில்கள் பூட்டப்படவேண்டும். நான்காவது, இவற்றுக்குப் பொறுப்புச் சொல்லக்கூடிய மாகாண சபையைத் தெரியும் உரிமை மக்களிடம் மீளவேண்டும். நான்காவது இல்லையேல் முதல் மூன்றும் மனுவாகவே மடியும்.

சுற்றுநிருபம் வரட்டும் என்று காத்திராதீர்கள். ஊர்தோறும் பெற்றோர் கூடுங்கள். அதிபரோடு பேசுங்கள். இம்மாலையே அந்த மைதானத்து மாட்டை அவிழ்த்து விட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள். அடிமைப்பட்ட இனத்தின் முதுகு நிமிர்வது அதன் பிள்ளைகளின் முதுகிலிருந்தே தொடங்கும்!