பங்குனிக்கு எந்த க்ரீம்?

(இது பையன்களுக்கும்தான். கண்ணாடி முன்னாடி நிக்கிறது நாங்க மட்டுமா?)

இந்த மாதம் வந்தாலே பத்திரிகைகளில் 'வசந்த கால மேக்கப்' என்று ஒரு பக்கம் வந்துவிடும். பழைய க்ரீமை மாற்று, புது ஃபவுண்டேஷன் வாங்கு என்பார்கள். அது பனி பெய்கிற ஊருக்குச் சரி. நம்ம தென்காசியில் வசந்தம் என்றால் பங்குனி வெயில்! குற்றாலத்தில் தண்ணி குறைஞ்சு பாறைதான் தெரியும். சாரல் விழ ஆனி பிறக்கணும். அதுவரை எதைப் பூசினாலும் வேர்வையோடு கழுத்துக்கு இறங்கிடும்.

என்னைக் கேட்டால் இது வாங்குற மாசம் இல்லை, தூக்கிப் போடுற மாசம்.

முதலில் ஆண்டு விழா டான்ஸுக்கு வாங்கின கண்மை. ஒரே குச்சி எட்டுப் பேர் கண்ணுக்குப் போயிருக்கு! 'மெட்ராஸ் ஐ' பரவ வேற வழி வேணுமா?

அடுத்தது, பேர் ஊர் தெரியாத 'வெள்ளையாக்கும்' க்ரீம். இதுதான் முக்கியம். 2023-ல் கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டாக்டர்கள் விசாரித்ததில், அவர்கள் பூசியது இந்த மாதிரி க்ரீம். அதில் பாதரசம்! தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகாமல் அது தடுக்கும். அதனால்தான் சட்டென்று வெளுக்குது. அப்படியே தோல் வழியா உள்ளே போய் சிறுநீரகத்தில் சேரும். அழகுசாதனப் பொருளில் பாதரசம் சேர்க்க நம் நாட்டில் தடை இருக்கு. ஆனாலும் திருட்டுத்தனமா வருதே! டப்பாவில் தயாரித்தவர் முகவரி, தேதி இருக்கான்னு பாருங்க. 'நகையில் படாமல் பூசவும்'னு போட்டிருந்தால் உஷார். பாதரசம் பட்டால் தங்கமே வெளுத்துடும், மூக்குத்தி பத்திரம்!

1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிட்டு. கம்பெனியே 'ஃபேரை' எடுத்தாச்சு. நம்ம மேடையில் மட்டும் கறுத்த பிள்ளைக்கு ரோஸ் பவுடரை அப்பினாத்தான் டான்ஸா? கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமா நிக்கிறது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மிச்சம் என்ன? காலையும் மாலையும் முகம் கழுவுங்க. வீட்டில் முடிஞ்சால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், முடியாட்டி குடை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் அவங்கவங்க நிறத்துக்கே பவுடர், ஆளுக்கொரு கண்மை. அப்புறம் அந்த மத்தியான பி.டி. பீரியடைக் காலையில் முதல் பீரியடா மாத்தினா, சன்ஸ்கிரீன் செலவே மிச்சம் சார்!

- 9-ஆம் வகுப்பு மாணவி