கடல் தாண்டினால் செல்லாத லைசென்சு!

சங்கரன்கோவிலில் டிரைவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. விசைத்தறிச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விடியும் முன்பே பூ மூட்டையுடன் வேனைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆடித்தபசுக் கூட்டத்துக்குள் ஒரு ஆளைக்கூட உரசாமல் காரை நகர்த்துகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள்.

இவர்களில் பலருக்கு ஒரு கனவு உண்டு. வளைகுடா நாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போக வேண்டும். தங்கை கல்யாணக் கடனை அடைக்க வேண்டும். ஓட்டு வீட்டை இடித்துக் காரை வீடு கட்ட வேண்டும்.

"நம்ம லைசென்சே போதும்லே, அங்க போய் பாத்துக்கிடலாம்" என்கிறார் ஏஜெண்டு.

போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது, அந்த லைசென்சு அங்கே வெறும் அட்டை என்று!

பட்டியலில் இந்தியா இல்லை

துபாயை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு நாடுகளின் அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளின் லைசென்சு இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு உள்ளூர் லைசென்சை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம்மவர் அங்கே குடியிருப்பு அனுமதி வாங்கிவிட்டால், பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டிப் படித்துச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடியும் பணம். மறுபடியும் சோதனை.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்திய லைசென்சை வைத்துக்கொண்டு 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அந்த நாட்டுச் சோதனையில் தேற வேண்டும். சோதனை இல்லாமல் மாற்றிக்கொள்ளும் சலுகை சில நாடுகளுக்குத்தான். அந்த வரிசையில் ஜிம்பாப்வே இருக்கிறது. இந்தியா இல்லை!

சிங்கப்பூரிலும் 12 மாதக் கணக்குதான். அங்கேயே தங்கி ஓட்ட வேண்டுமானால், சாலை விதித் தேர்வு எழுதி லைசென்சை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"அப்போ இன்டர்நேஷனல் லைசென்சுன்னு ஆர்.டி.ஓ. ஆபீசுல ஆயிரம் ரூபாய் வாங்கிட்டுக் குடுக்காவளே, அது எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதன் பெயரில்தான் குழப்பம். அது தனி லைசென்சு அல்ல, பர்மிட். உள்ளூர் லைசென்சில் இருப்பதை வெளிநாட்டுப் போலீஸ்காரருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் தாள். 1949-ம் ஆண்டு ஜெனிவாவிலும், 1968-ம் ஆண்டு வியன்னாவிலும் நாடுகள் கூடிச் செய்துகொண்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைகளில் இதற்கு வழி செய்யப்பட்டது. ஆயுள் அதிகம் போனால் ஒரு வருடம். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு உதவும். பிழைக்கப் போகிறவருக்கு உதவாது.

2022-ம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு இந்தப் பர்மிட்டை நாடு முழுவதும் ஒரே மாதிரி அச்சடிக்க உத்தரவு போட்டது. மாநிலத்துக்கு ஒரு நிறம், மாநிலத்துக்கு ஒரு அளவு என்று இருந்ததால் வெளிநாடுகளில் சிக்கல் வந்தது. இப்போது கியூ.ஆர். குறியீடும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் தாள் அழகாக இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது.

ஆகாயத்தில் ஒரு சட்டம்

தரையில் இப்படி இருக்கிறது. ஆகாயத்தில் எப்படி?

1944-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி சிகாகோ நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு நாடு தன் விமானிக்குக் கொடுக்கிற லைசென்சை மற்ற நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அதன் 33-வது பிரிவு சொல்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லா நாடுகளுக்கும் பொதுவாக வகுத்த குறைந்தபட்சத் தரத்துக்குக் கீழே அந்த லைசென்சு இருக்கக் கூடாது.

இதனால்தான் அயல்நாட்டு விமானம் ஒன்று சென்னையில் வந்து இறங்கும்போது, "கீழே இறங்கு, எட்டுப் போட்டுக் காட்டு" என்று விமானியை யாரும் நிறுத்துவது இல்லை. அப்படி நிறுத்தினால் உலகத்தில் ஒரு விமானமும் பறக்க முடியாது.

ஆனால் நம் நாட்டில் பதிவான விமானத்தை ஓட்ட வேண்டுமானால் நம் நாட்டு லைசென்சு வேண்டும், அல்லது நம் நாட்டின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவிலோ தென் ஆப்பிரிக்காவிலோ லட்சம் லட்சமாகச் செலவு செய்து பறக்கக் கற்றுக்கொண்டு வருகிற நம் பிள்ளைகளையும் அரசு சும்மா விடுவது இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வைக்கிற தேர்வை எழுத வேண்டும். டாக்டர் சோதனையில் தேற வேண்டும். பறந்தும் காட்ட வேண்டும்.

"வெளிநாட்டுக்காரன் நம்மை நம்பவில்லையே" என்று கோபப்படுகிறோம். நாமும் கண்ணை மூடிக்கொண்டு யாரையும் நம்புவது இல்லை. நம்பவும் கூடாது!

நம்பியதால் போன உயிர்கள்

1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அரியானாவில் சர்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதி விமானம் ஒன்று. டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானம் மற்றொன்று. இரண்டிலும் இருந்த 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சவுதி விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், வேலை தேடிக் கடல் கடந்தவர்கள்.

கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்தைவிடக் கீழே இறங்கியதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியாததும் பேசப்பட்டது. அவர்கள் கையிலும் லைசென்சு இருந்தது. தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து சொன்ன வார்த்தை மனதில் ஏறவில்லை!

அதன் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. வெளிநாடுகளுக்குப் பறக்கும் விமானிகளுக்கு ஆங்கிலத்தில் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிய வேண்டும், அதைச் சோதித்து லைசென்சிலேயே குறிக்க வேண்டும் என்ற விதி 2008-ம் ஆண்டு மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது பாகிஸ்தான். 2020-ம் ஆண்டு மே 22-ந் தேதி கராச்சியில் பயணி விமானம் ஒன்று குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்த நாட்டு விமானத்துறை மந்திரி பாராளுமன்றத்தில் எழுந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். 860 விமானிகளில் 262 பேரின் லைசென்சு சந்தேகத்துக்கு உரியது என்றார்!

உலகம் அதிர்ந்தது. 2020-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாகிஸ்தான் அரசு விமானங்கள் ஐரோப்பாவுக்கு வரத் தடை விழுந்தது. அந்தத் தடை நீங்க 2024-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மற்ற நாடுகளில் வேலை பார்த்த பாகிஸ்தான் விமானிகளையும் வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரித்தபோது, பட்டியலில் இருந்தவர்களில் பலருடைய லைசென்சு ஒழுங்கானதுதான் என்று தெரிந்தது. என்ன பயன்? களங்கம் வந்தது வந்ததுதான்.

பக்கத்து வீட்டுக் கதை என்று நாம் சிரிக்க முடியாது. 2011-ம் ஆண்டில் நம் நாட்டிலும் இதே கூத்து நடந்தது. போலி மதிப்பெண் சீட்டு கொடுத்து விமானி லைசென்சு வாங்கியதாகச் சிலர் கைதானார்கள். பிறகு நாடு முழுவதும் விமானிகளின் சான்றிதழ்களை எடுத்துச் சரிபார்க்க வேண்டி வந்தது.

இதில் இருந்து தெரிவது என்ன? போலி லைசென்சு வாங்கியவன் மட்டும் கெடுவது இல்லை. ராத்திரி பகல் கண் விழித்துப் படித்து ஒழுங்காகத் தேறியவனும் சேர்ந்து கெடுகிறான். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்!

நம் வீட்டு அழுக்கு

இப்போது நம் டிரைவர் லைசென்சுக்கு வருவோம்.

இந்தியாவில் இருக்கிற லைசென்சுகளில் 30 சதவீதம் போலி என்று சொன்னது எதிர்க்கட்சிக்காரர் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரியே சொன்னார். ஒரு தடவை அல்ல, பல தடவை சொன்னார். துறையின் மந்திரியே அப்படிச் சொன்ன பிறகு, துபாய்க்காரன் நம்பவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு. 64 ஆயிரத்து 105 விபத்துகள்! எல்லாவற்றுக்கும் டிரைவரே காரணம் என்று சொல்ல முடியாது. ரோடும் காரணம், வண்டியும் காரணம். ஆனாலும் ஓட்டத் தெரியாதவன் கையில் லைசென்சு இருப்பது ஒரு பெரிய காரணம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

மோட்டார் சைக்கிளில் எட்டுப் போடத் தெரியாமல் காலை ஊன்றியவரும் சாயங்காலம் லைசென்சோடு வீட்டுக்குப் போகிறார் என்றால், அந்த ஊர் லைசென்சுக்கு என்ன மரியாதை? புரோக்கருக்குக் கொடுத்த பணத்தில் வாங்கியது இன்று வேலையை முடித்துவிடும். ஆனால் அதற்கான வட்டியை, அயல்நாட்டில் நிற்கிற நல்ல டிரைவர் கட்டுகிறார்.

இரண்டு பக்கமும் நியாயம்

துபாய்க்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். வளைகுடாவில் வலது பக்கம். ஸ்டியரிங்கே மாறி இருக்கிறது. இருபது வருட அனுபவசாலிக்கும் முதல் ரவுண்டானாவில் கை தடுமாறத்தான் செய்யும். சோதித்துப் பார்த்துவிட்டுச் சாலையில் விடுவது குற்றம் அல்ல.

ஆனால் நம் டிரைவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் சோதனை வேண்டாமாம்! போன வாரம் லைசென்சு வாங்கிய லண்டன் பையன் நேராகக் காரை எடுக்கலாம். புளியரை மலைப் பாதையில் இருபது வருடம் லாரியை ஏற்றி இறக்கியவர், கிளட்சு எது, பிரேக் எது என்று வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்குப் பணமும் கட்ட வேண்டும். இது திறமையைப் பார்ப்பது அல்ல. ஊரைப் பார்ப்பது.

சங்கனும் பதுமனும் எந்தச் சாமி பெரிது என்று சண்டை போட்ட ஊர் சங்கரன்கோவில். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே உருவத்தில் காட்சி கிடைத்ததும் அந்த வழக்கு தீர்ந்தது என்பது தலபுராணம். லைசென்சு வழக்கும் தீர வழி இருக்கிறது. எந்த நாட்டு அட்டை பெரிது என்று பார்க்காமல், எல்லாருக்கும் ஒரே சோதனை வைத்தால் போதும்.

இதற்குத் துபாயே வழி காட்டி இருக்கிறது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில், சொந்த நாட்டு லைசென்சு வைத்திருப்பவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் நேராகச் சோதனைக்கு வரலாம் என்று அங்கே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை. தேறினால் லைசென்சு, தவறினால் வகுப்பு. தெரிந்தவனுக்குச் செலவு மிச்சம். தெரியாதவன் சாலைக்கு வர மாட்டான். இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு என்ன வேண்டும்? எல்லா வளைகுடா நாடுகளிலும் நம்மவர்களுக்கு இப்படி நேர்ச் சோதனை கிடைக்க மத்திய அரசு பேச வேண்டும். சலுகை கேட்க வேண்டாம், சோதனை கேட்டால் போதும்.

அப்படிப் பேசப் போகும் முன்பு வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். சோதனைத் தளத்தில் காமிரா ஓட வேண்டும். தேறியவர் தேறட்டும், தவறியவர் மறுபடி வரட்டும். நம் மாவட்டத்திலேயே ஒழுங்காகச் சோதனை நடக்கிறது என்ற பெயர் வந்தால், டி.என். 79 என்ற எழுத்துக்கு ஊர் தாண்டி மதிப்பு வரும்.

புறப்படும் முன்பு கேளுங்கள்

அது நடக்கும் வரை, டிரைவர் விசாவுக்குப் பணம் கட்டப் போகிற தம்பிமார்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்தவரா? 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. பதிவு செய்தவரும் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான் கட்டணமாக வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே உஷாராக வேண்டும்.

அந்த நாட்டு லைசென்சு எடுக்கும் செலவு யார் தலையில்? முதலாளி கொடுப்பாரா, சம்பளத்தில் பிடிப்பாரா? லைசென்சு கிடைக்கும் வரை சம்பளம் உண்டா? சோதனையில் தவறினால் வேறு வேலையா, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டா? இவை ஒப்பந்தத் தாளில் எழுத்தில் இருக்கிறதா?

"அதெல்லாம் அங்க போய் பாத்துக்கிடலாம்" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம்.

நகையை அடகு வைத்து அனுப்புகிற தாய்க்கு சிகாகோ உடன்படிக்கையும் தெரியாது, வியன்னா உடன்படிக்கையும் தெரியாது. மகன் கையில் இருப்பது அரசாங்கம் கொடுத்த லைசென்சு, அது எங்கேயும் செல்லும் என்று அவள் நம்புகிறாள்.

அவள் நம்பிக்கையைக் காப்பாற்றுவது துபாய் அரசின் வேலை அல்ல. அந்த லைசென்சில் கையெழுத்துப் போடுகிறவரின் வேலை.