கணனிப் பக்கம்: சுருக்கமான மொழி எது?

"மகள் கல்லூரியில் கணனி படிக்கப் போகிறாள். பைதன் சின்ன மொழி, ஜாவா நீட்டு மொழி என்கிறார்கள். சின்னதைப் படித்தால் கெதியில் வேலை கிடைக்குமா?" என்று ஒரு தாயார் கேட்டிருக்கிறார். பல வீடுகளில் எழும் கேள்விதான் இது.

ஒன்று முதல் நூறு வரையான எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் பிறந்த கெனத் ஐவர்சன் 1962 இல் எழுதிய நூலிலிருந்து உருவான ஏ.பி.எல். மொழியில் இதற்கு ஆறு குறிகள் போதும். 1991 இல் வெளிவந்த பைதனில் ஒரே வரி, பதினேழு குறிகள். 1995 இல் வந்த ஜாவாவில், அன்றைய முறைப்படி, ஒன்பது பத்து வரிகள் ஆகும். 1959 இல் அமெரிக்காவில் திட்டமிடப்பட்ட கோபோல் இன்னும் நீளம். "விலையை அளவால் பெருக்கி மொத்தத்தில் வை" என்பதுபோல முழு வசனமாகவே எழுதுவார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? கூட்டுவது போன்ற வேலைகளைச் சில மொழிகள் தயாராக வைத்திருக்கின்றன. வேறு சிலவற்றில் ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்து வேலை கூடினாலும், சில பிழைகள் நிரலை ஓட்டுமுன்பே பிடிபடும். வரி குறைந்தால் வேகம் கூடும் என்பதும் இல்லை. பெரிய கணக்குகளில் நீண்ட ஜாவாவே பெரும்பாலும் பைதனை முந்தும்.

ஊரில் தந்தி அடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்குக் காசு என்பதால் சுருக்கி அடிப்போம். யாருக்கு என்ன வருத்தம் என்று விளங்காமல் வாங்கியவர்கள் தவித்ததும் உண்டு. நிரலும் அப்படித்தான். எழுதுபவர் ஒருவர், பின்னர் திருத்துபவர் பலர். அளவுக்கு மீறிச் சுருக்கினால் எழுதியவருக்கே ஆறு மாதத்தில் விளங்காது. வளவளவென்ற கோபோல் இன்றும் பல வங்கிகளில் ஓடுகிறது.

ஆகவே தாயாருக்கு எமது பதில் இதுதான். மகள் பைதனில் தொடங்கட்டும். அது இலவசம், வீட்டிலேயே பழகலாம். தனியார் வகுப்புக்குக் காசு கட்டுமுன், அவள் சேரவிருக்கும் கல்லூரி முதலாண்டில் எந்த மொழியைக் கற்பிக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் நகரத்து வேலை விளம்பரங்கள் எதைக் கேட்கின்றன என்றும் பாருங்கள். ஜாவா என்றால் பயம் வேண்டாம். 2025 இல் வந்த ஜாவா 25, தொடக்க மாணவர் எழுத வேண்டியதை நன்றாகக் குறைத்துவிட்டது. ஒரு மொழியைத் திருத்தமாகப் படித்தவருக்கு அடுத்தது கெதியில் கைவரும்.